நுண்கணக்கு வல்ல சந்திரசேகர்

பழனி மலைத்தொடரின் மேல், கோடைக்கானல் நகரையடுத்து, அட்டுவம்பட்டி என்னும் சிற்றூர் உள்ளது. படிப்படியாய் அமைந்த மலை வயல்களும், வைகறையில் வந்து கவிந்து கதிரவன் எழ எழ விலகும் மூடுபனியும் அவ்வூருக்கு அழகு செய்வன. 1984-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பெற்ற அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அங்கே நிலைகொண்டுள்ளது. அதே மலையில், 1899-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற கதிரவ ஆய்வுக்கூடமும் இருக்கின்றது. சென்னையில் நெடுங்காலம் நடைபெற்றுவந்த வானாய்வுப் பணியே மலையேறி அங்குக் குடிபுகுந்தது எனலாம். 1901-ஆம் ஆண்டு முதல் அக்கூடத்தார் கதிரவனை இடையறாது நோக்கிக் குறித்து வருகின்றனர்.

கதிரவன் நம்மிடமிருந்து பதினைந்து கோடிக் கிலோமீட்டர் தொலைவில் இருப்பவன். அவனை அணுகி ஆராய்தல் இயலாது. ஆயினும் அவனுடைய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து விரித்தால், அந்நிறமாலையின் குறுக்கே நுண்ணிய கோடுகள் பல தோன்றும். ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் தனக்குரிய இடங்களிலேயே கோடு இடும். ஆதலின் கோட்டைக் கண்டு அணுவின் பெயரைக் கூறிவிடலாம்.

1868-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18-ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் ஒன்று நிகழ்ந்தது. குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் அறிஞர்கள் கூடி அதனைக் கண்டனர். சென்னை வானாய்வுக்கூடத்தின் தலைவர் போக்சனும் அவர்களுள் ஒருவர். கதிரவனின் விளிம்பில் எழுந்த செந்நிறக் கொழுந்துகளின் ஒளியில் ஒளிக்கோடுகள் சில தோன்றின. அவற்றுள் மஞ்சள் நிறக் கோடு ஒன்று மண்ணுலகில் அறிந்த எந்தத் தனிமத்துக்கும் உரியதன்று என்று இங்கிலாந்து அறிஞர் லாக்கியர் துணிந்தார். கதிரவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அத்தனிமம் ஹீலியம் என்று பெயர் பெற்றது. 1895-ஆம் ஆண்டில்தான் ராம்சே என்பார் அதனை நிலவுலகில் கண்டார்.

கோடு தோன்றும் இடத்தைக் கண்ணால் காணலாம். ஆனால் அக்கோடு ஏன் அவ்விடத்தில் நிற்கவேண்டும்? சற்றே இடப்புறமோ வலப்புறமோ நின்றால் ஆகாதா? இவ்வினாவிற்குக் கணக்கினால் விடை கூற முயன்ற பேரறிஞருள், தமிழ்க் குடியிற் பிறந்து உலகப் புகழ் எய்திய சுப்பிரமணியன் சந்திரசேகர் ஒருவர். விண்மீன்களின் வாழ்வையும் முடிவையும் ஆராய்ந்து நோபெல் பரிசு பெற்றவர் என்றே பலரும் அவரை அறிவர். ஹீலியம் என்னும் சிற்றணுவின் கணக்கிலும் அவர் பல்லாண்டு உழைத்தார் என்பதை அறிந்தோர் சிலரே. அவ்விரண்டு பணிகளையும் ஒருசேர நோக்கின் அன்னாரின் இயல்பு இனிது விளங்கும்.

மாணவர்களே, நம் முன்னோர் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி பயின்ற காலத்தில், அரை, கால், அரைக்கால், மா, காணி என்று பின்னங்களை மேன்மேலும் பகுத்துச் சென்றனர். ஒன்றை 320 கூறாக்கினால் அதில் ஒரு கூறு முந்திரி. அம்முந்திரியையும் 320 கூறாக்கினால் கிடைப்பது கீழ்முந்திரி. அஃதாவது ஒன்றில் 1,02,400-இல் ஒரு பங்கு. இத்துணைச் சிறிய அளவு யாருக்குப் பயன்படும் என்று நீங்கள் வியக்கலாம். சிறியது என்று ஒன்றைத் தள்ளுவதற்கு முன், அஃது எவ்வளவு சிறியது என்று கணக்கிட்டாக வேண்டும். கணக்கிடாமல் தள்ளுவது அறிவுடைமை ஆகாது. சந்திரசேகரின் வாழ்வு முழுவதும் இவ்வுண்மைக்கு விளக்கமாக நிற்கின்றது.

சந்திரசேகர் 1910-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19-ஆம் நாள் லாகூர் நகரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் புகைவண்டித் துறையில் கணக்குத் தணிக்கை அலுவல் பார்த்தவர். தாயார் சீதாலட்சுமி அம்மையார். நோர்வே நாட்டு நாடகப் புலவர் இப்சன் இயற்றிய பொம்மை வீடு என்னும் நாடகத்தைத் தமிழில் பெயர்த்த அறிவுடைய நங்கை அவர். பெண்மக்கள் அறுவரும் ஆண்மக்கள் நால்வரும் பிறந்த அக்குடும்பத்தில், சந்திரசேகர் மூன்றாம் குழந்தை, ஆண்மக்களுள் மூத்தவர். நோபெல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர் சர். சி. வி. இராமன் இவருடைய சிறிய தந்தையார்.

குடும்பம் 1918-ஆம் ஆண்டில் சென்னையில் குடியேறிற்று. சந்திரசேகர் இளமையில் வீட்டிலேயே கல்வி பயின்றார். அன்னையார் தமிழைக் கற்பித்தார். தந்தையார் ஆங்கிலமும் எண்கணக்கும் கற்பித்தார். 1920-ஆம் ஆண்டில் கணித மேதை இராமானுசன் மறைந்த செய்தியைத் தாயார் எடுத்துரைத்தபொழுது சந்திரசேகருக்கு வயது ஒன்பது. எளிய குடியிற் பிறந்த தமிழர் ஒருவர் கணக்கினால் உலகை வியக்கச் செய்தார் என்னும் அச்செய்தி சிறுவரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பின்னர் அவர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் 1922 முதல் 1925 வரை பயின்று, மாநிலக் கல்லூரியிற் சேர்ந்தார். மகன் ஆட்சிப் பணியாளராக வேண்டும் என்று தந்தையார் விரும்பினார். அவன் உள்ளம் விரும்பியதையே அவன் செய்க என்று தாயார் துணை நின்றார். கணிதம் பயிலவே விரும்பிய சந்திரசேகர், தந்தையாரின் விருப்பத்தையும் ஓரளவு போற்றி, இயற்பியலைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொண்டார்.

1928-ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் சாமர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அணுவின் அமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூலைச் சந்திரசேகர் முன்னரே ஐயந்திரிபறக் கற்றிருந்தார். அப்பெருமிதத்தோடு அவரைக் காணச் சென்ற மாணவருக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. அந்நூலிற் கூறிய கொள்கை அதற்குள் பழையதாகிவிட்டது என்றும், 1926-ஆம் ஆண்டிற்குள் ஐரோப்பாவில் புதிய குவாண்டம் இயக்கவியல் தோன்றிவிட்டது என்றும் சாமர்ஃபெல்டு எடுத்துரைத்தார். எலெக்ட்ரான்களின் திரளைப் பற்றித் தாம் எழுதி, அப்பொழுதுதான் அச்சாகிக்கொண்டிருந்த ஆய்வுரையின் படியையும் அளித்தார். வேறொருவராயின் மனம் சோர்ந்திருப்பர். சந்திரசேகரோ அவ்வுரையைத் துணையாகக் கொண்டு புதிய கொள்கையைத் தாமே கற்றார். சில திங்களில் ஆய்வுரை ஒன்று எழுதி, இங்கிலாந்து அறிஞர் ஃபவுலருக்கு விடுத்தார். 1929-ஆம் ஆண்டில் அஃது இலண்டன் வேத்தியல் கழக வெளியீட்டில் இடம் பெற்றது. அப்பொழுது அவருக்கு வயது பத்தொன்பதுகூட நிரம்பவில்லை.

அரசினர் உதவித்தொகை பெற்று மேற்கல்விக்காகக் கேம்பிரிட்ஜ் செல்லும் வாய்ப்பு 1930-ஆம் ஆண்டில் வந்தது. அவ்வேளையில் அன்னையார் கடும் நோயுற்றுக் கிடந்தார். மகன் பிரியத் தயங்கினார். தாயோ அவரை வற்புறுத்தி அனுப்பினார். 1930 சூலை 31-ஆம் நாள் சந்திரசேகர் பம்பாயில் கப்பலேறினார். அடுத்த ஆண்டு மே மாதத்தில் அன்னையார் இயற்கை எய்தினார். கப்பலேறிய நாளுக்குப் பின் மகன் தாயின் முகத்தைக் காணவில்லை.

அக்கடற் பயணத்தில்தான் அவருடைய முதற் பெருங்கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையாலேயே நெருங்கிச் சுருங்கும். சிறுத்து, அடர்ந்து, வெண்மையாய் ஒளிரும் அந்நிலையினை வெண்குறுமீன் என்பர். அது மேலும் நொறுங்காமல் தாங்கி நிற்பது அதனுள் நெருங்கிய எலெக்ட்ரான்களின் அழுத்தமே என்று 1926-ஆம் ஆண்டில் ஃபவுலர் காட்டியிருந்தார். கப்பலில் அக்கணக்கை மீண்டும் எடுத்து நோக்கிய சந்திரசேகர், விண்மீனின் நடுவில் எலெக்ட்ரான்கள் எவ்வளவு விரைவாக ஓடும் என்று கணக்கிட்டார். ஒளியின் விரைவில் பாதிக்கு மேற்பட்ட விரைவு விடையாக வந்தது. அவ்வளவு விரைந்து ஓடும் பொருளுக்கு ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கை பொருந்தும் அன்றோ? ஃபவுலரின் கணக்கில் அதற்கு இடமில்லை. சந்திரசேகர் அத்திருத்தத்தைச் சேர்த்தார்.

சேர்த்ததும் விடை தலைகீழாக மாறிற்று. எவ்வளவு பெரிய விண்மீனும் வெண்குறுமீனாய் அமைதியடையலாம் என்பது ஃபவுலரின் முடிவு. திருத்திய கணக்கோ, அதற்கு ஓர் எல்லை உண்டு என்றது. அவ்வெல்லை கதிரவன் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று பின்னர் உறுதிப்பட்டது. அதனை மிஞ்சிய நிறையுடைய உள்ளகத்தை எலெக்ட்ரான்களின் அழுத்தம் தாங்காது. அது மேலும் சுருங்கியே தீரும். நியூட்ரான் விண்மீனுக்கும் கருந்துளைக்கும் வழி திறந்த கண்டுபிடிப்பு இதுவே. சிறு திருத்தம் என்று ஒதுக்கப்பட்டது ஒன்று, விண்மீன்களின் ஊழையே வரையறுத்துவிட்டது.

ஆயினும் அவ்வுண்மை எளிதில் ஏற்கப்படவில்லை. 1935-ஆம் ஆண்டு சனவரி 11-ஆம் நாள் இலண்டனில் வேத்தியல் வானியற் கழகத்தில் சந்திரசேகர் தம் முடிவை எடுத்துரைத்தார். அவரையடுத்துப் பேச எழுந்தவர் அக்காலத்து வானியலாருள் தலைசிறந்தவராய் விளங்கிய எடிங்டன். சார்பியலையும் எலெக்ட்ரான் திரளையும் சந்திரசேகர் இணைத்த முறையே தவறு என்று அவர் மறுத்தார், அவையோர் நகைத்தனர். இருபத்து நான்கு வயது இளைஞர் தனித்து நின்றார். போர், பௌலி முதலிய அறிஞர்கள் சந்திரசேகரின் பக்கமே நியாயம் உண்டு என்று தனியே கூறினர். வெளிப்படையாய் எழுத முன்வந்தாரில்லை. 1942-ஆம் ஆண்டில்தான் டிராக் முதலிய மூவர் எடிங்டனின் மறுப்பு பொருந்தாது என்று ஆய்வுரை ஒன்றில் காட்டினர். இவ்வாறு அவமதிப்புற்றும் சந்திரசேகர் எடிங்டனை இகழ்ந்து ஒரு சொல்லும் எழுதவில்லை. தம் கணக்குகளை 1939-ஆம் ஆண்டில் நூலாக முடித்து வைத்து, வேறு துறையில் ஆராயத் தொடங்கினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டிற்குப் பின், எடிங்டனின் நூற்றாண்டு நினைவுச் சொற்பொழிவை ஆற்ற அழைத்தபொழுது, கேம்பிரிட்ஜ் சென்று அப்பெரியாரின் பெருமையை மனமுவந்து எடுத்தோதினார்.

1936-ஆம் ஆண்டில் சந்திரசேகர் தாயகம் வந்து, மாநிலக் கல்லூரியில் தம்மோடு பயின்ற லலிதா அம்மையாரை மணந்தார். 1937-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டுச் சிகாகோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த யெர்க்சு வானாய்வுக்கூடத்தில் பணியேற்றார். அக்கூடம் விஸ்கான்சின் மாநிலத்து வில்லியம்சு பே என்னும் சிற்றூரில் ஓர் ஏரிக்கரையில் உள்ளது. கோடைக்கானலைப் போன்றே அங்கும் விண்ணொளியை விரித்து நோக்கும் பணி நடைபெற்றது.

அங்கே கதிரவனைப் பற்றிய புதிர் ஒன்று அவர்முன் நின்றது. கதிரவனின் மேற்பரப்பு ஒளியை எளிதிற் புகவிடாது தடுக்கின்றது. தடுப்பது யாது? ஓர் எலெக்ட்ரானை மிகையாக ஏற்ற ஹைட்ரசன் அணுவாகிய எதிர்மின் அயனியே அது என்று 1939-ஆம் ஆண்டில் வில்ட் என்பார் கருத்துரைத்தார். ஹைட்ரசன் அணுவில் எலெக்ட்ரான் ஒன்றே. அவ்வயனியிலோ இரண்டு. அவை இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே கருவைச் சுற்றி நிற்பதால், கணக்கு மிகவும் அரிதாகின்றது. சந்திரசேகர் அக்கணக்கை மேற்கொண்டார். ஒன்று கருவை நெருங்கியும் மற்றொன்று அகன்றும் நிற்பதாகக் கொண்ட அலைச்சார்பு ஒன்றை 1944-ஆம் ஆண்டில் அமைத்துக் காட்டினார். 1946-ஆம் ஆண்டில் அவ்வயனி ஒளியை உட்கொள்ளும் அளவையும் பிரீன் அம்மையாருடன் சேர்ந்து கணித்தார். கதிரவனின் ஒளித்தடை பற்றிய புதிருக்கு விடை கிடைத்தது.

இரண்டு எலெக்ட்ரான் உடைய அணுவைக் கணிக்கும் வழி கைவந்தபின், அவர் நோக்கு ஹீலியத்தின்மேற் சென்றது. அதற்குக் காரணம், 1947-ஆம் ஆண்டில் இயற்பியல் உலகை வியக்கச் செய்த ஒரு நிகழ்ச்சி. எலெக்ட்ரானுக்குச் சார்பியலோடு இயைந்த சமன்பாட்டை 1928-ஆம் ஆண்டில் டிராக் வகுத்திருந்தார். அதன்படி ஹைட்ரசன் அணுவின் குறிப்பிட்ட இரண்டு நிலைகள் ஆற்றலில் முற்றும் ஒத்திருக்கவேண்டும். லாம்பு, ரெதர்ஃபோர்டு என்னும் இருவர் அளந்து பார்த்தபொழுது, அவை இம்மியளவு வேறுபட்டு நின்றன. அவ்வேறுபாடு லாம்புப் பெயர்ச்சி என்று பெயர் பெற்றது.

அவ்வேறுபாடு வந்தது எவ்வாறு? வெற்றிடம் என்று நாம் கூறும் வெளி உண்மையில் வெறுமையன்று. அங்கே மின்காந்தப் புலம் ஓயாது சிறிது சிறிதாக அசைந்துகொண்டே இருக்கின்றது. அமைதியான குளத்திலும் தக்கை சற்றே நடுங்குவது போல, அப்புலத்தினிடையே எலெக்ட்ரானும் நடுங்குகின்றது. அந்நடுக்கத்தால் கருவின் ஈர்ப்பு அதற்குச் சிறிது குறைகின்றது. இத்தகைய விளைவுகளைக் கணக்கிடும் துறைக்குக் குவாண்டம் மின்னியக்கவியல் என்று பெயர். 1947-ஆம் ஆண்டிலேயே பெத்தே என்னும் அறிஞர் புகைவண்டியிற் செல்லும்பொழுதே லாம்புப் பெயர்ச்சியைத் தோராயமாகக் கணித்தார். தோமோனாகா, சுவிங்கர், ஃபெயின்மன் ஆகியோர் அத்துறையை முழுமையுறச் செய்து 1965-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர்.

ஓர் எலெக்ட்ரான் உள்ள ஹைட்ரசனில் கண்டது, இரண்டு எலெக்ட்ரான் உள்ள ஹீலியத்திலும் உண்டா? இவ்வினாவை எடுத்துக்கொண்டவர் மூவர். சந்திரசேகர் ஒருவர். மற்றொருவர், இட்லர் ஆட்சியில் செருமனியை விட்டு நீங்கிக் கனடாவில் அடைக்கலம் புகுந்தவரும், 1945 முதல் 1948 வரை யெர்க்சுக் கூடத்தில் பணியாற்றியவருமாகிய கெர்ஹார்டு ஹெர்ஸ்பெர்க்கு. மூலக்கூறுகளின் நிறமாலையை ஆராய்வதில் நிகரற்ற அவர், 1971-ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபெல் பரிசினைப் பெற்றார். மூன்றாமவர் டோனா எல்பர்ட்டு என்னும் நங்கை. வில்லியம்சு பே ஊரிலேயே வளர்ந்து, உயர்நிலைப் பள்ளிக் கல்வி மட்டும் முடித்து, 1948-ஆம் ஆண்டில் கணக்கிடும் பணிக்கு வந்தவர் அவர். 1979 வரை, முப்பதாண்டுகளுக்கு மேல், சந்திரசேகரின் கணக்குகளுக்குத் துணை நின்றார். அவர் பெயரைத் தம் பெயரோடு ஆய்வுரைகளின் தலைப்பில் இட்டுச் சந்திரசேகர் சிறப்பித்தார்.

அவர்கள் மேற்கொண்ட வழியைச் சிறிது விளக்குவோம். கொடுக்கல் வாங்கலை முறையாக எழுதிவரும் வணிகர், நாளின் முடிவில் பெட்டியில் உள்ள பணத்தை எண்ணுவார். ஏட்டிற்கும் பெட்டிக்கும் வேறுபாடு இருப்பின், ஏட்டில் எழுதாத செலவு ஒன்று உண்டு என்று அறிவார். ஆனால் ஏட்டுக் கணக்கு ஒரு காசும் பிசகாது இருந்தாலன்றி அவ்வாறு துணிதல் கூடாது. ஹீலியத்தின் ஓர் எலெக்ட்ரானைப் பிரித்தெடுக்க வேண்டும் ஆற்றலை ஹெர்ஸ்பெர்க்குப் போன்றோர் நிறமாலையில் அளப்பர், அதுவே பெட்டி. குவாண்டம் சமன்பாட்டால் வரும் ஆற்றலும், கரு அசைவதற்குரிய திருத்தமும், சார்பியலுக்குரிய திருத்தமும் சேர்ந்த தொகையே ஏடு. இரண்டிற்கும் இடையே நிற்கும் மிச்சமே குவாண்டம் மின்னியக்கவியலின் பங்கு.

ஏட்டைச் செம்மை செய்வதில்தான் இடர் மிகுதி. ஹீலியத்தின் சமன்பாட்டிற்கு முற்ற முடிந்த விடை கிடையாது. அலைச்சார்பில் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சென்றால், விடை உண்மையை நோக்கி மெல்ல மெல்லக் கீழிறங்கி வரும். எத்துணை உறுப்புகளைச் சேர்த்தாலும் உண்மையைத் தாண்டிக் கீழே செல்லாது. நோர்வே நாட்டு ஹில்லராசு 1929-ஆம் ஆண்டில் வகுத்த வழி அது. உறுப்பு ஒன்று கூடினால் கணக்கு பலமடங்கு பெருகும். இந்நாளைய கணிப்பொறிகள் இல்லாத அக்காலத்தில், மேசைமீது வைத்து இயக்கும் கணக்கிடும் பொறியைக் கொண்டு எண்களைப் பத்துப் பன்னிரண்டு இலக்கம் வரை பிசகாது பெருக்கிக் கூட்டுதல் வேண்டும். இடையில் ஓர் இலக்கம் பிழைப்பினும் உழைப்பனைத்தும் பாழ். ஹீலியத்தின் அடிநிலைப் பெயர்ச்சி பற்றிய அம்மூவரின் ஆய்வுரை 1953-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1955-ஆம் ஆண்டில் சந்திரசேகரும் ஹெர்ஸ்பெர்க்கும் மேலும் உறுப்புகளைச் சேர்த்துக் கணக்கை நீட்டினர்.

கணக்கு அவர்கள் கையில் முற்றுப்பெறவில்லை. ஆனால் எவ்விடத்தில் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பது தெளிவாயிற்று. 1957-ஆம் ஆண்டில் கபீர், சால்பீட்டர் என்னும் இருவர் ஹீலியத்திற்குரிய லாம்புப் பெயர்ச்சியை நேரே கணித்தனர். 1958-ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் பெக்கெரிசு என்பார் மின்னணுக் கணிப்பொறியின் துணையால், முடிவில் 1,078 உறுப்புகள் வரை சேர்த்து ஏட்டுக் கணக்கை முடித்தார். மின்னியக்கவியல் திருத்தம் சேராத தொகை, சென்டிமீட்டருக்கு இத்தனை அலை என்னும் அளவையில், 1,98,312.0 என வந்தது. திருத்தம் சேர்ந்தபின் அஃது 1,98,310.7 ஆயிற்று. ஹெர்ஸ்பெர்க்கு 1958-ஆம் ஆண்டில் அளந்து கண்டது 1,98,310.8, அதன் பிழை எல்லை 0.15. ஏடும் பெட்டியும் ஒத்தன. அத்திருத்தம் மொத்தத்தில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சத்தில் ஒரு பங்கு. அஃதாவது, நம் முன்னோரின் கீழ்முந்திரியினும் சிறியது!

இத்துணைச் சிறியதால் பயன் யாது என்று வினவுவார்க்கு விடையுண்டு. அணுவிற்கு வந்த வழியே மூலக்கூறுகளுக்கும் வந்தது. இரண்டு ஹைட்ரசன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூற்றைப் பிரிக்க வேண்டும் ஆற்றலை ஹெர்ஸ்பெர்க்கு 1960-ஆம் ஆண்டில் அளந்து வெளியிட்டார். 1968-ஆம் ஆண்டில் போலந்து அறிஞர் கோலோசும் வோல்னியெவிச்சும் கணித்த அளவு அதனோடு ஒவ்வாது நின்றது. ஹெர்ஸ்பெர்க்கு சினங்கொள்ளவில்லை, மேலும் நுட்பமாக அளந்து, கணக்கே சரி என்று 1970-ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டார். 2009-ஆம் ஆண்டில் அவ்வளவை அளந்தோரும் கணித்தோரும் 36,118.07 என்னும் ஒரே எண்ணில் கூடினர். அவ்வொற்றுமைக்குக் குவாண்டம் மின்னியக்கவியல் அளித்த பங்கு ஏறத்தாழ 0.2. அது சேராவிடின் கணக்கு கைவிட்டிருக்கும்.

கனத்த அணுக்களில் சார்பியலின் விளைவு கண்ணுக்கே புலனாகின்றது. பொன்னின் உள்ளிடத்து எலெக்ட்ரான்கள் ஒளியின் விரைவில் பாதிக்கு மேற்பட்டு ஓடுகின்றன. அதனாலேயே பொன் வெள்ளியைப் போல வெண்மையுறாது மஞ்சள் நிறம் பெற்றது. பாதரசம் நீர்மமாய் ஓடுவதற்கும், உந்து வண்டிகளின் ஈயப் பாட்டரி தரும் மின்னழுத்தத்தின் பெரும்பகுதிக்கும் சார்பியலே காரணம் எனக் கணக்கிட்டுள்ளனர். இத்தகைய அணுக்களில் மின்னியக்கவியல் திருத்தம் சார்பியல் திருத்தத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காய் வருகின்றது. 2017-ஆம் ஆண்டில் பொன் அணுவிற்கு அதனையும் சேர்த்தபொழுதுதான் கணக்கு அளவையோடு நெருங்கி இயைந்தது. கோடைக்கானல் கூடத்தைத் தன்னகத்தே கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வாளரும் கனத்த அணுக்களுக்கும் மூலக்கூறுகளுக்கும் சார்பியற் கணக்குகள் செய்துள்ளனர்.

சந்திரசேகரின் பிற்கால வாழ்வும் இத்தகைய உழைப்பே. ஒரு துறையைப் பல்லாண்டு ஆராய்ந்து, ஒரு பெருநூலால் நிறைவுசெய்து, பின் வேறு துறையிற் புகுவது அவர் வழக்கம். 1952 முதல் 1971 வரை வானியற்பியல் இதழின் ஆசிரியராய் இருந்தார். யெர்க்சுக் கூடத்திலிருந்து ஏறத்தாழ எண்பது கல் தொலைவு வண்டியோட்டிச் சிகாகோ சென்று, இரண்டே மாணவர் இருந்த வகுப்பிற்கும் தவறாது பாடம் நடத்தினார் என்று கூறுவர். அம்மாணவர் இருவரும், லீ, யாங் என்னும் சீன நாட்டவர், 1957-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர். 1968-ஆம் ஆண்டில் இந்திய அரசு சந்திரசேகருக்குப் பத்ம விபூஷண் விருதளித்தது. நோபெல் பரிசு 1983-ஆம் ஆண்டில் ஃபவுலர் என்னும் மற்றோர் அமெரிக்க அறிஞரோடு பகிர்ந்து அளிக்கப்பெற்றது. கப்பலிற் கணக்கிட்ட நாள்தொட்டு அதற்குள் ஐம்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21-ஆம் நாள் சந்திரசேகர் சிகாகோவில் மறைந்தார். 1999-ஆம் ஆண்டில் விண்ணிற் செலுத்தப்பெற்ற எக்சு கதிர் வானாய்வுக்கூடம் அவர் நினைவாகச் சந்திரா என்னும் பெயரைத் தாங்கிற்று.

மாணவர்களே, கப்பலிற் செய்த கணக்கையும் ஹீலியத்திற்குச் செய்த கணக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னதில் திருத்தம் விண்மீனையே வீழ்த்தும் அளவு பெரிதாயிற்று. பின்னதில் அது கீழ்முந்திரியினும் சிறிதாயிற்று. கணக்கிடுவதற்கு முன் எது பெரிது, எது சிறிது என்று யார் அறிவார்? இரண்டிற்கும் சந்திரசேகர் ஒரே அளவான உழைப்பை நல்கினார். அதுவே அவர் பெருமை. அவையோர் நகைத்தபொழுதும் கணக்கைக் கைவிடாத உறுதியும், தம் கணக்கு முற்றுப்பெறாதபொழுது பிறர் தொடர வழிவிட்ட அடக்கமும் அவ்வுழைப்பின் இரு கரைகள்.

அட்டுவம்பட்டியில் மூடுபனி விலகும் காலைப்பொழுதில், அங்குப் பயிலும் மகளிர்மேல் விழும் ஒளி அதே கதிரவனின் ஒளி. எதிர்மின் ஹைட்ரசனின் தடையைக் கடந்து, ஹீலியத்தின் கையெழுத்தைத் தாங்கி, அவ்வொளி மலைமேல் வந்து சேர்கின்றது. பள்ளிப் படிப்பளவே உடைய எல்பர்ட்டு என்னும் நங்கை, எண்ணை எண்ணாற் பெருக்கி அக்கையெழுத்தைப் படிக்கத் துணைநின்றார் என்பதை அவர்களும் நீங்களும் நினைவிற் கொள்ளுங்கள். உங்கள் கணக்கேட்டில் விடை சிறிது பிசகி நிற்கும்பொழுது, அதனை அழித்துவிட்டு ஆசிரியர் கூறிய விடையை எழுதிக்கொள்ள மனம் தூண்டும். அவ்வாறு செய்யாதீர்கள். அந்தச் சிறு மிச்சம் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். தேடிக் கண்டது உங்கள் பிழையே ஆயினும் அதனால் கல்வி வளரும். பிழையன்று எனின், அதனால் உலகின் அறிவே வளரும்.